ஆர்னோல்டின் குஷன்

ஆர்னோல்டுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று கேட்டதும் கொன்ஸ்டன்ஸ் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சுகந்தினி மிஸியைக் கட்டிப்பிடிக்கப் போனாள். சந்தோஷமோ துக்கமோ, முதலில் ஆளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டுத்தான் மிச்சக் கதை. மட்டக்களப்புப் பறங்கியரில் சண்டை பிடிக்காத ஆளைக்கூடத் தேடி எடுக்கலாம், கொஞ்சாத ஆளை எடுக்க முடியாது.

சுகந்தினி மிஸி சட்டென்று பின்னுக்குப் போனாள்.

"இப்ப ஒண்ணா அன்ரி. கொஞ்சல் எல்லாம் மறுகா."

"என்னகா புள்ள, என்ட மனிசன் பிழைச்சிட்டார் எண்டுறாய், கொஞ்சவும் விடமாட்டாயா?"

"பிழைச்சிட்டார் எண்டு இன்னும் சொல்லல்ல. மருந்து பிடிக்குது எண்டுதான் சொன்ன."

அது போதும் கொன்ஸ்டன்ஸுக்கு. மாதாவே, அது போதும். ஒரு கிழமைக்கு மேலாக அவள் இந்த ஆஸ்பத்திரி விறாந்தையிலேயே கிடக்கிறாள். தனி அறைக்குள் மேலங்கியும் கையுறையும் மாட்டிக்கொண்டு போய், கண்ணை மூடிக் கிடக்கிற ஆர்னோல்டின் காலைத் தொட்டுவிட்டு வருவாள். இன்று விடிய அவர் கண்ணைத் திறந்து, "பிளேன்ரீ இல்லையா மென்?" என்று கேட்டாராம். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

தாதியான சுகந்தினியின் வேலையே ஆஸ்பத்திரிக்குள் தொற்று பரவாமல் பார்ப்பதுதான். அவள் விறாந்தை வாங்கில் ஒரு முனையில் இருந்துகொண்டு, மறு முனையைக் கொன்ஸ்டன்ஸுக்குக் காட்டினாள்.

"அன்ரி, அங்கிள்ட இரத்தத்தில ஓடினது ஒரு பூஞ்சணம். பாண்ல பூக்கிற மாதிரி இல்ல. வழமையாக் குடுக்கிற மருந்துக்கு இது மசியா. அதாலதான் கொழும்பில இருந்து வேற மருந்து எடுப்பிச்ச. பேர் கன்டிடா ஓரிஸ்."

"கன்டிடாவா? எங்கட பப்பாட தங்கச்சி ஒருத்தி இருந்தாவே, கன்டிடா மாமி! அவவும் ஒரு வீட்டுக்குள்ள வந்தா லேசில வெளிக்கிட மாட்டா."

முகமூடிக்குள் சுகந்தினி சிரித்தது கண்ணில் தெரிந்தது. "இதுவும் அப்பிடித்தான். கட்டில், மேசை, பிரஷர் பாக்கிற பட்டி, எல்லாத்திலயும் கிழமைக் கணக்கா உயிரோட கிடக்கும். சும்மா சவுக்காரத் தண்ணியில துடைச்சாச் சாகா. ஒரு ஆஸ்பத்திரியில இருந்து மற்ற ஆஸ்பத்திரிக்கு ஆளோடயும் போகும், சாமானோடயும் போகும். உங்களையும் என்னையும் போல நடந்து திரியிற ஆக்களுக்கு ஒண்டும் செய்யா. ரியூப் போட்டுக் கிடக்கிற ஆக்கள்தான் கவனம். அதுவழியா இரத்தத்துக்குள்ள இறங்கினா மறுகா ஆளைக் காப்பாத்துறது கஷ்டம். அங்கிளுக்கு ஆண்டவர் கண் திறந்திருக்கார்."

"நூறு மெழுகுதிரி கொளுத்துறன்."

"கொளுத்துங்க. இப்ப இதச் சொல்லுங்க. கொழும்பில ஒப்பரேசன் முடிஞ்சு அங்கிள் வீட்ட வரக்குள்ள அவரோட என்னென்ன சாமான் வந்த?"

கொன்ஸ்டன்ஸ் விரல் மடித்தாள். உடுப்பு, அதையெல்லாம் அவித்துத் தோய்த்தாயிற்று. பிளாஸ்க். செருப்பு. மறுகா குஷன்...

மடித்த விரல் அப்படியே நின்றது.

அந்தக் குஷனைத் தெரியாத கிறிஸ்தவ வீடு இந்தப் பக்கத்தில் குறைவு. பஸ் ஸ்ராண்டுக்குப் பின்னால் ஆர்னோல்டுக்குக் குஷன் கடை. பஸ் சீட், ஓட்டோ சீட், செற்றி எல்லாம் தைப்பார். ஒரு தரம் தனக்கே முதுகுப் பிடிப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கட்டிலில் சாய்ந்திருக்க ஒரு குஷன் செய்தார். கேக்குத் துண்டு போலச் சரிவாக, கோப்பிக் கலர் ரெக்சின், ஓரமெல்லாம் மஞ்சள் பைப்பிங். அவர் சுகமாகி வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டு வாங்கிப் போனார், அவரும் சுகமாகி வந்தார். மூன்றாவது ஆளுக்கு டொக்டரே கையை விரித்திருந்தார். அந்த ஆள் நடந்து வீட்டுக்கு வந்து ஆட்டிறைச்சி கேட்டாராம். அதற்குப் பிறகு குஷனுக்கு ராசி வந்துவிட்டது. ஊரிலிருந்து யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் குஷன் கூடப் போகும். அதற்கு இரண்டு சட்டம். சுகமாகி வந்தவர் வீட்டில் அது ஒரு இரவும் தங்கக் கூடாது. கழுவவும் கூடாது, ராசி போய்விடும். வீட்டுக்கு வந்து இறங்கியவர் முதல் வேலையாக, "அடுத்தது ஆருக்கு?" என்று கேட்பார். வீட்டார் ஒரு பெயர் சொல்ல வேண்டும். சொன்ன பெயருக்குக் குஷன் போய்விடும்.

கொழும்பிலிருந்து வந்து இறங்கிய ஆர்னோல்டும் வாசலில் நின்று அதைத்தான் கேட்டார். தன்னாமுனை ஜெயராஜாவுக்கு என்று கொன்ஸ்டன்ஸ் சொன்னாள். அவர் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். குஷன் அன்றைக்கே போயிற்று. இரண்டு மூன்று நாளில் ஆர்னோல்டுக்குக் குளிர் எடுத்துக் காய்ச்சல் அடித்தது.

அதையும் அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. குஷனைச் செய்த ஆளே சுகமாகி வந்து மறுபடி படுத்துவிட்டார் என்றால் ராசிக்கு என்ன மரியாதை? கேட்டவர்களுக்கெல்லாம் "சாதுவான காய்ச்சல்" என்றே சொல்லிவந்தாள்.

"அன்ரி, குஷன் இப்ப எங்க?"

"ஜெயராஜா அண்ணனுக்கிட்ட இருக்கும். அவர் வீட்ட வந்திட்டாரெண்டா..." அவள் மடித்த விரலைப் பார்த்தாள். "அடுத்தது ஜேமிக்கு எண்டு நான்தான் அவர்ட மனிசி பீற்றிஸுக்கிட்ட சொல்லி வச்சன்."

"ஆர் ஜேமி?"

"என்ட ஞானமகள். குருக்கள்மடத்தில கட்டிக் குடுத்த. கிட்னி பழுது. இரத்தம் சுத்தம் பண்ணுறதுக்குக் கழுத்தில ரியூப் வச்சிருக்கு."

சுகந்தினி எழும்பிவிட்டாள். "எப்ப போவா அந்தப் புள்ள ஆஸ்பத்திரிக்கு?"

"இண்டைக்குப் பகல்!"

"அன்ரி, அவ அந்தக் குஷனத் தொடப்படாது. அங்க இரத்தம் சுத்தம் பண்ணுற அறையில எல்லாருக்கும் ரியூப். அதுக்குள்ள அது போகவே படாது. நான் அங்கத்த மிஸிமாருக்கு எடுத்துச் சொல்லுறன். நீங்க குஷனப் பிடிங்க. பெரிய பொலித்தீன்ல சுத்தி, திறக்காம, என்னட்டக் கொண்டு வாங்க."

அவள் கையில் ஒரு சோடி கையுறையைத் திணித்துவிட்டுச் சுகந்தினி போனுக்கு ஓடினாள். கொன்ஸ்டன்ஸ் படியால் இறங்கி ஓடினாள். ஐம்பது வயது தாண்டிய, ஆள் பாரமான பெண் ஒருத்தி கவுணைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவதைக் கண்டு வாசல் காவல்காரர் எழும்பி வழி விட்டார்.

வெளியே ஸியாமின் ஓட்டோ நின்றது. நாளாந்தம் அவளை ஏற்றி இறக்குகிறவன் அவன்தான். கச்சான் காற்று சூடாக வீசித் தெருவில் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

"தன்னாமுனைக்கு விடு மகன்! பறந்து போ!"

"என்ன அன்ரி, அங்கிளுக்கு ஏதும்..."

"அங்கிள் பிளேன்ரீ கேக்கிறார்! நீ விடு, வழியில சொல்லுறன்!"

வழியெல்லாம் பீற்றிஸுக்கும் ஜேமியின் புருஷன் பிறின்ஸுக்கும் மாறி மாறிப் போன் எடுத்தாள். பீற்றிஸ் எடுக்கவில்லை. பிறின்ஸின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஓட்டோ பிள்ளையாரடி தாண்டிப் போகையில் எதிரே எத்தனையோ மோட்டார்சைக்கிள்கள் விர்ரென்று வந்து கடந்தன. அதில் ஒன்றைக் கூர்ந்து பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

பீற்றிஸ் முற்றத்துக் கிணற்றடியில் இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். வாவியில் அன்று நல்ல மீன்பாடு. சட்டி நிறைய இறால் துடித்தது. கோது ஒரு பக்கம், சதை ஒரு பக்கம் என்று கை தன்பாட்டில் போக, கொன்ஸ்டன்ஸைக் கண்டதும் வாய் நிறையச் சிரித்தாள்.

"வாங்க வாங்க! போன் எடுத்தீங்களோ, அது உள்ளுக்குச் சார்ஜில கிடக்கு. இறால் மணந்து வந்தீங்களோ? இரிங்க, தேங்காப்பால் விட்டு ஆக்கித் தாறன். அவர் பாருங்க, பொல்லூண்டி நடக்கார்! எல்லாம் அந்தக் குஷன்ட ராசி!"

மாமரத்து நிழலில் காலில் மாவுக்கட்டோடு இருந்த ஜெயராஜா பொல்லைத் தூக்கிக் காட்டினார். "ஆர்னோல்டுக்குச் சொல்லுங்க, குஷன் எண்டா அது குஷன்! நேற்று வந்த நான், நேற்றே வெளியில குடுக்க இருந்த. பிறின்ஸுக்கு நேற்று வர ஏலாமப் போயிட்டு."

"இப்ப எங்க அது?"

"இப்பதான் பிறின்ஸ் வந்து கட்டிட்டுப் போறான். நீங்க வாற வழியில காணல்லியா?" என்றாள் பீற்றிஸ். "சாமத்தில ஒரே நித்திரையில்ல எனக்கு. ஒரு இரவு தங்கிட்டே, ராசி போயிடுமோ எண்டு. ஜெபமாலைய அதுக்கு மேல வச்சுத்தான் படுத்தன்."

"ஐயோ பீற்றிஸ்!"

அவள் திரும்பி ஓட்டோவை நோக்கி ஓட, பீற்றிஸ் இறால் கையோடு பின்னால் வந்தாள். "என்னகா, குஷன் திரும்ப வேணுமா? ஆர்னோல்ட் அண்ணனுக்குச் சாதுவான காய்ச்சல் எண்டீங்க..."

ஓட்டோவுக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு கொன்ஸ்டன்ஸ் நின்றாள். அப்படியே போய்விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. பொல்லைக் காட்டிச் சிரித்த ஜெயராஜாவின் முகம் அதை விடவில்லை.

"சாதுவான காய்ச்சல் இல்ல. ஆள் சாவுட வாசல் வரைக்கும் போய்க் கிறுகி வந்திருக்கார். கொழும்பில பிடிச்ச தொற்று, குஷன்லயும் இருக்கும். அண்ணனுக்கும் தோல்ல ஒட்டியிருக்கலாம். பயப்பிடாதீங்க, ரியூப் ஒண்டும் இல்லாத ஆளுக்கு ஒண்டும் செய்யாதாம். ஆனா மிஸி வந்து தோலத் துடைச்சு எடுத்துச் சோதிச்சுப் பாப்பா. அதுவரைக்கும் ஒரு ஆஸ்பத்திரிக்கும் சொல்லாமப் போயிராதீங்க."

பீற்றிஸின் கையிலிருந்து இறால் ஒன்று மண்ணில் விழுந்தது. ஓட்டோ திரும்பிவிட்டது.

இனித் தெற்கே ஓட்டம். டவுனைக் கடந்து கல்லடிப் பாலம் ஏறியபோது கீழே வாவி தகதகத்தது. கொன்ஸ்டன்ஸ் சீட்டின் நுனியில் இருந்து ஸியாமின் தோளைத் தட்டிக்கொண்டே வந்தாள். ஓட்டுகிறவன் அவனா அவளா என்று பார்க்கிறவர்களுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

"தட்டாதீங்க அன்ரி, குஷன் பிஞ்சிரும். அங்கிள் தைச்ச சீட் இது."

"அந்த மனிசன் தைச்ச எல்லாம் இண்டைக்கு எனக்குக் கரைச்சல்! விடு, விடு!"

காத்தான்குடியில் தெரு நடுவே நிற்கும் ஈச்ச மரங்களின் பக்கத்தில், முன்னால் ஒரு மோட்டார்சைக்கிள். பின்னால், பழைய பெட்சீற்றில் சுற்றிக் கயிற்றால் இறுக்கிய சரிவான சாமான். ஓரத்தில் மஞ்சள் பைப்பிங் எட்டிப் பார்த்தது.

"அவன்தான்! அடி ஹோர்னை!"

ஸியாம் அடித்த அடியில் கடைக்காரரெல்லாம் வெளியே வந்தார்கள். பிறின்ஸ் திரும்பிப் பார்த்தான். மனைவியின் ஞானத்தாய் ஓட்டோவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக் கையை ஆட்டுவதைக் கண்டான். நல்ல பிள்ளை, அவனும் ஒரு கையைத் தூக்கி உற்சாகமாக ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் முறுக்கினான்.

"கை காட்டுறான் அன்ரி!"

"நாசமாப் போனவன்! அவனுக்குப் பின்னால விடு!"

ஆரையம்பதியில் கிட்ட வந்தார்கள். கிரான்குளத்தில் ஒரு மாட்டுப்பட்டி தெருவை மறித்தது. பிறின்ஸ் அதற்கு முன்பே பூந்து போய்விட்டான். மாடுகள் ஒவ்வொன்றாக, கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி ஆறுதலாகக் கடந்தன. கொன்ஸ்டன்ஸ் இறங்கி, கவுணை விசுக்கி விசுக்கி அவற்றைத் துரத்தினாள். பயத்தோடு பயமாக அவளுக்கு ஒரு வெறியும் ஏறியிருந்தது. ஆர்னோல்ட் பிழைத்துவிட்டார், ஜேமியையும் போக விடமாட்டேன் என்று மாட்டுக்குச் சொன்னாள்.

குருக்கள்மடத்தில் பிறின்ஸின் வாசலுக்கு ஓட்டோ வந்து நின்றபோது அவன் கயிற்றை அவிழ்த்து முடித்திருந்தான். ஜேமி ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டுக் கதிரையில் இருந்தாள். கழுத்தில் வெள்ளைக் கட்டு. மெலிந்த இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய கைக்கும் குஷனுக்கும் ஒரு முழம் இருக்காது.

"தொடாத!"

கொன்ஸ்டன்ஸ் போட்ட சத்தத்தில் வேலியில் இருந்த காகம் பறந்தது. பிறின்ஸ் அப்படியே உறைந்து நின்றான். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு வந்து குஷனை அவன் கையிலிருந்து பிடுங்கி முற்றத்து மூலைக்குக் கொண்டுபோனாள்.

"என்ன அன்ரி இது?" பிறின்ஸின் முகம் இருண்டுவிட்டது. "திருப்பி எடுக்க வந்தீங்களா? இதுக்குத்தான் பின்னால கலைச்சு வந்த?"

"மகன், கேளு..."

"அங்கிளுக்குச் சாதுவான காய்ச்சல் எண்டு நீங்கதான் சொன்ன. ஒரு காய்ச்சலுக்கு என்ட மனிசிட குஷனப் பறிக்கிறீங்களே! நாலு மணித்தியாலம் அந்தக் கட்டில்ல கிடந்து முதுகு எரியுது எண்டு அழுவாள். இந்தக் குஷன் வருது எண்டுதான் நேற்று ஒரு பிடி சோறு திண்டாள்."

ஜேமி நீட்டிய கையை மடியில் வைத்தாள். பெரிய கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஞானஸ்நானத் தொட்டியில் இவள் தலையைத் தாங்கிப் பிடித்த கைதான் இப்போது குஷனைப் பறித்தது. அந்தப் பார்வை கொன்ஸ்டன்ஸுக்கு நெஞ்சில் தைத்தது.

ஓம், ஆர்னோல்டுக்குத்தான் வேண்டும் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவளைச் சுயநலக்காரி என்பார்கள், ஆனால் குஷனும் கிடைக்கும், ராசியும் ஊரில் இருக்கும், ஆர்னோல்டின் பெயரும் இருக்கும். ஆனால் பிறின்ஸின் கை? அவன் சேர்ட்? சுற்றி வந்த பெட்சீற்? பொய் சொன்னால் இவன் அதே கையால் ஜேமியைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றுவான்.

"குஷனுக்கு ராசி இல்ல புள்ள," என்றாள். "குஷனுக்குள்ள நோய். கொழும்பில இருந்து அங்கிளோட அது வந்திட்டு. அங்கிள் சாதுவாக் கிடக்கல்ல. இரத்தத்தில பூஞ்சணம். தனி அறையில போட்டிருக்காங்க. உங்க எல்லாருக்கும் நான் பொய் சொன்னன். குஷன்ட பேர் கெட்டுப்போயிடும் எண்டு சொன்னன். அத இங்க அனுப்பினதும் நான்தான்."

"அதுல சாய்ஞ்ச ஆக்கள் எல்லாரும் வீட்ட வந்தாங்களே அன்ரி," என்றான் பிறின்ஸ். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"அங்கிளும் வந்தார் மகன். வந்தவர் கிறுகிப் போனார். அங்கிளாவது திடகாத்திரமான ஆள். இவளுக்கு இறங்கினா நான் என்ன செய்யிற?" அதைச் சொல்லும்போது அவள் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே போனில் சுகந்தினியை எடுத்து, எல்லாருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டாள். சுகந்தினி எல்லாவற்றையும் ஆறுதலாகத் திரும்பச் சொன்னாள். பிறின்ஸ் குளித்து உடுப்பு மாற்றிவிட்டுத்தான் ஜேமியைத் தொட வேண்டும். பெட்சீற்றும் பொலித்தீனுக்குள். அங்கத்தைய மிஸிமாருக்குச் சொல்லியாயிற்று, முதுகுக்கு மெத்தென்று ஒன்று அவர்களே கழுவித் துடைத்துத் தருவார்கள்.

பிறின்ஸ் கிணற்றடிக்குப் போனான். வாளி விழுகிற சத்தம் கேட்டது. ஸியாம் மழைக்கு ஓட்டோவில் கட்டுகிற பொலித்தீனைக் கழற்றி வந்து விரித்தான். இருவருமாகக் குஷனைச் சுற்றிக் கட்டினார்கள். தையல் ஓட்டையில் வேர்வைக் கறை படிந்திருந்ததைக் கொன்ஸ்டன்ஸ் இப்போதுதான் கண்டாள். எத்தனை பேருடைய வேர்வை!

ஜேமி கதிரையை விட்டு எழும்பினாள். "அன்ரி," என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள்.

கொன்ஸ்டன்ஸ் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பின்னுக்குப் போனாள்.

"கிட்ட வராத புள்ள. என்னிலயும் இருக்கும்."

"ஒருக்கா..."

"இப்ப ஒண்ணா. எல்லாம் மறுகா. வட்டியும் முதலுமாக் கொஞ்சுவன்."

வேலிக்கு வெளியே ஓட்டோ கிளம்பும்வரை ஜேமி கையை விரித்தபடியே நின்றாள். சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

பின்னேரம் ஆஸ்பத்திரிப் பின்வாசலில் சுகந்தினி குஷனைக் கையேற்று, எரிக்கிற உலைக்கு அனுப்பினாள். புகைபோக்கியில் கொஞ்ச நேரம் கறுப்பாகப் புகை வந்தது, மறுகா வெளுத்தது. ஜேமிக்கு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று பிறின்ஸ் போன் எடுத்துச் சொன்னான். ஜெயராஜாவைப் பரிசோதிக்க ஆள் போயிருந்தது. பீற்றிஸ் ஊர் முழுக்கப் போன் எடுத்து, கேட்டதற்கு மேலே நாலு சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள் கொன்ஸ்டன்ஸ்.

மேலங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனபோது ஆர்னோல்ட் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்ந்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. கண் மட்டும் பழைய கண்.

"எங்க மென் போன நீ? விடியத் தொடக்கம் தேடுறன்."

"உங்கட குஷனக் கலைச்சுக்கொண்டு தன்னாமுனைக்கும் குருக்கள்மடத்துக்கும் ஓடினன்." கொட்டிவிட்டாள், ஒன்றும் விடாமல், மாடு உட்பட. அவர் முழுதும் கேட்டார். எரித்ததைச் சொன்ன இடத்தில் கண்ணை மூடினார். அவளுக்குப் பயம் பிடித்தது.

"பைப்பிங் வைக்கக்குள்ள நினைச்சன்," என்றார் கண்ணைத் திறக்காமல். "தையலுக்குள்ளால வேர்வை இறங்குமே எண்டு. மறுகா ராசி வந்திட்டு, நானும் விட்டிட்டன்." மூச்சு வாங்கி நின்று, பழக்கதோஷத்தில் வாய் தானாகக் கேட்டது. "அப்ப... அடுத்தது ஆருக்கு?"

கையுறை போட்ட கையால் அவருடைய காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொன்ஸ்டன்ஸ் சிரித்தாள். விறாந்தையில் போன சுகந்தினி மிஸியே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"ஒருத்தருக்கும் இல்ல."